மாத்தேயா, தெரெரேயா, குவாயுசாவா?

மூன்றுமே தென் அமெரிக்காவில் இலையை ஊற வைத்தோ கொதிக்க வைத்தோ குடிக்கும் பானங்கள். மாத்தேக்கும் தெரெரேக்கும் இலை ஒன்றேதான், யெர்பா மாத்தே. குவாயுசா அதற்குப் பங்காளி மரம். மூன்றிலும் கஃபீன் உண்டு என்பதால் எது தூக்கத்தை விரட்டும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. தண்ணீர் எவ்வளவு சூடு, யாரோடு உட்கார்ந்து குடிக்கிறோம், இந்த இரண்டையும் பாருங்கள்.

மாத்தே அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில் மக்களின் பானம். காய்ந்த சுரைக்குடுவையில் பாதிக்கு மேல் இலைத்தூளைப் போட்டு, 70 முதல் 80 டிகிரி சூட்டில் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பொம்பியா என்ற உலோகக் குழலால் உறிஞ்சுவார்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பு ஏறிவிடும். ஊற்றிக் கொடுப்பவர் ஒருவர்தான், அவருக்கு செபதோர் என்று பெயர். அதிகம் கசக்கும் முதல் சுற்றை அவரே குடித்துவிட்டு அப்புறம்தான் மற்றவர்களுக்குத் தருவார். குடுவையும் குழலும் எல்லோருக்கும் ஒன்றே. உங்கள் முறை வந்தால் முழுக்க உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், ஆனால் 'கிராசியாஸ்' சொல்லிவிடாதீர்கள், நன்றி சொன்னால் எனக்குப் போதும் என்று அர்த்தம், அடுத்த சுற்று உங்களைத் தாண்டிப் போய்விடும். இந்த ஒரு பழக்கத்துக்காகவே எனக்கு மாத்தே மேல் தனிப் பிரியம்.

ஆனால் சூட்டில் கவனம் வேண்டும். 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் வகைப்படுத்தியது. சூடு குறைந்த மாத்தேயை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. விறகுப் புகையில் உலர்த்திய தூளும் உண்டு, புகை படாததும் கிடைக்கிறது. தினமும் குடிப்பவர் இரண்டாவதை வாங்குவதே நல்லது.

தெரெரே பராகுவேயில். அதே இலை, ஆனால் ஐஸ் தண்ணீர், பெரும்பாலும் மாட்டுக்கொம்புக் குவளை. விஷயம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. புதினா, எலுமிச்சைப்புல் என்று பச்சை மூலிகைகளை உரலில் இடித்து அதில் போடுவார்கள், இந்த மூலிகைகளுக்கு குவாரனி மொழியில் பொஹா ஞானா என்று பெயர். தலைநகர் அசுன்சியோன் தெருக்களில் மூலிகை விற்கும் பெண்களிடம் போய் வயிறு சரியில்லை என்று சொன்னால், அதற்கேற்றதை எடுத்து அங்கேயே இடித்துக் கொடுப்பார்கள். 2020இல் யுனெஸ்கோ இந்த மரபைத் தன் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வெயில் கொளுத்தும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பானம் எனக்குத் தெரியவில்லை, தொண்டை வேகும் பயமும் கிடையாது.

குவாயுசா ஈக்வடார் அமேசானில். கிச்வா மக்கள் விடியும் முன்பே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தபடி இரவில் கண்ட கனவுகளைச் சொல்லி அர்த்தம் பேசுவார்கள். மாத்தே அளவுக்குக் கசக்காது. கசப்பே ஆகாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

என் ஓட்டு தெரெரேக்கு. நாலு பேர் கூடினால் மட்டும் மாத்தே. எதுவானாலும் மாலைக்கு மேல் வேண்டாம், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை இது குறைக்கும். பராகுவேயில் முதல் ஊற்று புனித தோமாவுக்கு என்று சொல்லி இலை ஊற விட்டுவிடுவார்கள். நீங்களும் அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவதிலிருந்து உறிஞ்சிப் பாருங்கள்.