பாஸ்டன் குடும்பத்தின் வேர்: இடைக்கால ஆங்கிலக் கொடிவழி ஆவணங்களுடன் ஒன்பது ஆண்டு அனுபவம்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த பாஸ்டன் குடும்பத்தின் முன்னோர் வரிசையை ஒன்பது ஆண்டுகளாகத் தேடி வருகிறேன். வேலை நிமித்தமாக நார்விச் நகருக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் அக்குடும்பத்தின் பதினைந்தாம் நூற்றாண்டுக் கடிதங்களைப் படிக்கத் தொடங்கினேன். யாருக்கு யார் என்ன உறவு என்று குழம்பாமல் இருப்பதற்காக ஒரு தாளில் பெயர்களைக் குறித்துக்கொண்டேன். அந்த ஒரு தாள் இன்று நான்கு கோப்புகளாகப் பெருகியிருக்கிறது. இந்தக் காலத்தில் நான் பயன்படுத்திய ஆவண வகைகள், அச்சுத் தொகுப்புகள், இணையப் படங்கள் ஆகியவற்றில் எவை நெடுநாள் பழகிய பின்னும் நம்பிக்கையைக் காப்பாற்றின, எவை காலை வாரிவிட்டன என்பதை, இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடிவழி என்று தலைப்பிட்டு எழுதப்பட்ட ஆவணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் கடைசியாகத்தான் நம்ப வேண்டும். நிலம், கடன், உயில், வழக்கு என்று வேறொரு காரியத்துக்காக எழுதப்பட்டு, போகிற போக்கில் "இன்னாருடைய மகன்" என்று சொல்லிச் செல்லும் ஆவணமே உறுதியானது. பாஸ்டன் குடும்பத்தைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் குடும்பம் வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

நார்ஃபோக்கின் வடகிழக்குக் கடலோரத்தில் உள்ள பாஸ்டன் என்னும் சிற்றூரே அவர்களுடைய பெயருக்கு மூலம். அவ்வூரில் நிலம் வைத்திருந்த கிளமெண்ட் பாஸ்டன் 1419-ல் இறந்தார். அவருடைய மகன் வில்லியம் சட்டம் படித்து, 1429-ல், குடிமக்களுக்கிடையிலான வழக்குகளை விசாரித்த பொது வழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியானார். வில்லியமின் மகன் முதலாம் ஜான், மார்கரெட் மாட்பி என்னும் நிலவுடைமைக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். 1459-ல் இறந்த சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் என்னும் செல்வந்தப் படைவீரரின் சொத்துகளுக்கும் கைஸ்டர் கோட்டைக்கும் உரிமை கோரினார். இரண்டே தலைமுறையில் இவ்வளவு உயர்ந்தவர்களுக்குப் பகைவர்கள் இல்லாமல் இருக்க முடியாது. அப்பகைவர்கள் கையில் எடுத்த ஆயுதம் வம்சம். பாஸ்டன் குடும்பத்தினர் பிறப்பால் பண்ணையடிமைகள் என்று நிறுவிவிட்டால், பண்ணையடிமையின் உடைமை அவனுடைய பிரபுவுக்கே சேரும் என்ற அன்றைய சட்டப்படி, வாங்கிய நிலங்கள் எல்லாமே கைநழுவிப் போகக்கூடும். ஆகவே முன்னோர் யார் என்ற கேள்வி அவர்களுக்குச் சோறும் கூரையும் பற்றிய கேள்வியாக இருந்தது.

இந்தப் பூசலிலிருந்து ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு எழுத்துகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒன்று, முதலாம் ஜான் இறந்த சில வாரங்களில், 1466 ஜூலையில், நான்காம் எட்வர்டு அரசர் குடும்பத்துக்குச் சார்பாக அளித்த அறிவிப்பு. பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தை வென்ற நார்மன் வெற்றிக்காலம் (1066) முதல் அவர்கள் மதிப்புக்குரிய இரத்தத்தில் வந்தவர்கள் என்று அது சொல்கிறது. குடும்பத்தார் அரசரிடம் காட்டிய சான்றுகளின்படி, முதல் முன்னோர் வுல்ஸ்டன் என்பவர் பிரான்சிலிருந்து, பிற்பாடு பிராம்ஹோம் மடத்தை நிறுவிய தம் உறவினர் வில்லியம் கிளான்வில்லுடன் வந்தவராம். இதை முதன்முறை படித்தபோது, அரசரே ஒப்புக்கொண்டது என்பதால், வுல்ஸ்டன் பெயரை என் வரைபடத்தின் உச்சியில் எழுதிவிட்டேன். ஏறத்தாழ ஓராண்டு அது அங்கேயே இருந்தது. பிறகு ஒருநாள், 1095-ல் இறந்த வூஸ்டர் ஆயர் வுல்ஸ்டனைப் பற்றி வேறொரு காரணத்துக்காகப் படித்தபோதுதான் உறைத்தது: வுல்ஸ்டன் என்பது நார்மானியர் வருவதற்கு முன்பிருந்த பழைய ஆங்கிலப் பெயர். பிரான்சிலிருந்து நார்மன் உறவினனுடன் வந்திறங்கியவனுக்கு அப்படிப் பெயர் இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது. பெயரே சான்றுக்கு எதிராகப் பேசுகிறது. அன்றே அந்தப் பெயரை அழித்தேன்.

மற்றொன்று, பெயர் தெரியாத ஒரு பகைவர் எழுதிவைத்த குறிப்பு. அதில் கிளமெண்ட் ஒரு நல்ல எளிய உழவர். சேணமில்லாத குதிரையில், தானிய மூட்டையைத் தனக்குக் கீழே போட்டுக்கொண்டு ஆலைக்குப் போவார்; அரைத்த மாவை அதேபோல வைத்துக்கொண்டு திரும்புவார். வண்டியில் தானியம் ஏற்றி விண்டர்டனுக்குக் கொண்டுபோய் விற்பார். அவருக்கு இருந்தது நூறு அல்லது நூற்றிருபது ஏக்கர்; அதிலும் பெரும்பகுதி கிம்மிங்ஹாம் பண்ணைக்குக் கட்டுப்பட்ட நிலம். அவருடைய மனைவி பண்ணையடிமைப் பெண்; அவளுடைய சகோதரரான ஜெஃப்ரி சோமர்டன் என்னும் வழக்கறிஞரின் உதவியாலும், கடன் வாங்கிய பணத்தாலும் மகன் வில்லியம் படித்தான். இந்தக் குறிப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கிளமெண்ட் மீது மதிப்புதான் கூடுகிறது. இழிவுபடுத்த எழுதியவர், தம்மை அறியாமலேயே, மகனைப் படிக்கவைக்கக் கடன்பட்ட ஒரு தகப்பனைக் கண்முன் நிறுத்திவிட்டார்.

ஆயினும் இதுவும் ஒரு தரப்பு எழுத்துதான் என்பதை மறந்துவிடக் கூடாது. கவனித்துப் படித்தால், சொல்லவந்த குற்றச்சாட்டை இக்குறிப்பு நிறுவவே இல்லை. அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில், முறையாக மணந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தந்தையின் நிலையே வரும். சுதந்திரமான ஆண் பண்ணையடிமைப் பெண்ணை மணந்தால் பிள்ளைகள் சுதந்திரமானவர்களே. கட்டுப்பட்ட நிலத்தை வைத்திருப்பதாலும் சுதந்திரமான ஒருவர் பண்ணையடிமை ஆகிவிடுவதில்லை. குறிப்பு கிளமெண்டின் நிலத்தைப் பற்றியும் மனைவியைப் பற்றியும் பேசுகிறதே தவிர, கிளமெண்டே பண்ணையடிமை என்று நேராகச் சொல்வதில்லை. இந்த நுட்பம் பிடிபட எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. சட்டம் தெரியாமல் இடைக்காலக் கொடிவழியில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம் என்று அதன் பிறகுதான் புரிந்தது.

இனி ஆவண வகைகளுக்கு வருகிறேன். தொடக்கத்தில் நான் அதிகம் நம்பியது இறப்புக்குப் பிந்தைய விசாரணைகளை. அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றிருந்தவர் இறந்தால், உள்ளூர் நடுவர்கள் கூடி, அவர் எந்த நிலங்களை யாரிடமிருந்து எந்த உரிமையில் வைத்திருந்தார், எந்த நாளில் இறந்தார், அடுத்த வாரிசு யார், வயது என்ன என்று பதிவு செய்வார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து பதினேழாம் நூற்றாண்டு வரை இவை தொடர்கின்றன; 1399 முதல் 1447 வரையிலானவற்றின் சுருக்கங்களை இணையத்தில் தேடிப் பார்க்க முடிகிறது. வாரிசின் பெயரைப் பொறுத்தவரை இவற்றுக்கு ஈடில்லை. வயதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. "21 வயதும் அதற்கு மேலும்" என்று இருந்தால், வாரிசு வயதுவந்தவர் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அரசரிடமிருந்து நேரடி நிலம் இல்லாத சிறு குடும்பங்கள் இவற்றில் இடம்பெறாமலே போய்விடலாம் என்பது பெரிய குறை. கிளமெண்டைப் போன்றவரை இங்கே தேடுவது வீண்.

அத்தகையவர்களுக்கு நில உடன்பாட்டுப் பத்திரங்களும், நீதிமன்றப் பதிவுகளைத் தோலில் எழுதிச் சுருட்டி வைத்த வழக்குச் சுருள்களும் கைகொடுக்கின்றன. உடன்பாட்டுப் பத்திரத்தை ஒரே தோலில் மூன்று முறை எழுதி, வளைந்த கோட்டில் வெட்டி, இரு தரப்புக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துவிட்டு, அடித்துண்டை அரசக் கருவூலத்தில் வைப்பார்கள். 1195-ல் தொடங்கிய இந்த வழக்கம் 1833 வரை நீடித்தது. வெட்டுக்கோடுகள் பொருந்தினால்தான் பத்திரம் மெய் என்பதால் மோசடிக்கு இடம் குறைவு. பொது வழக்கு நீதிமன்றச் சுருள்களை, ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலோ அமெரிக்கன் லீகல் டிரெடிஷன் தளத்தில் கட்டணமின்றிப் படங்களாகப் பார்க்கலாம். நான் மிக நீண்ட நேரம் செலவிட்ட இடம் இதுவே. பெரும்பாலான சுருள்களுக்குப் பெயர் அட்டவணை கிடையாது. ஒவ்வொரு வழக்கின் இடது ஓரத்திலும் மாவட்டப் பெயரைச் சுருக்கி எழுதியிருப்பார்கள். "நார்ஃப்" என்று தொடங்குவதை மட்டும் கண்ணால் துழாவிக்கொண்டே படம் படமாகப் போக வேண்டும். பல மாலைகள் ஒன்றும் கிடைக்காமல் முடிந்திருக்கின்றன. ஆனால் நில உரிமை வழக்கு ஒன்று அகப்பட்டால், உரிமை இன்னாரிடமிருந்து அவர் மகனுக்கும் அவரிடமிருந்து அவர் மகனுக்கும் இறங்கியது என்று நான்கு தலைமுறையை ஒரே பத்தியில் பெற்றுவிடலாம்.

எழுத்தைப் படிக்கப் பழகுவதற்கு ஓராண்டாவது வேண்டும். இலத்தீன் சொற்களைப் பாதிக்கு மேல் சுருக்கித்தான் எழுதுவார்கள். 'ஐ', 'எம்', 'என்', 'யூ' ஆகிய நான்கும் ஒரே மாதிரியான குறுங்கோடுகளின் வரிசையாகத் தெரியும். எத்தனை கோடு என்று எண்ணித்தான் எழுத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஜெஃப்ரி சோமர்டனின் உண்மையான குடும்பப் பெயரென்று பகைவர் குறிப்பு சொல்லும் "கோனெல்டு" என்பதைக்கூட நான் ஓர் ஐயத்துடன்தான் எழுதுகிறேன். ஆண்டுக் கணக்கும் இப்படியே. அக்காலத்தில் ஆண்டு மார்ச் 25-ல் பிறந்தது. நாம் 1482 பிப்ரவரி என்று சொல்வதை அன்றைய எழுத்தர் 1481 என்றே குறிப்பார். இதைக் கவனிக்காமல் முதல் இரண்டு ஆண்டுகளில் நான் எழுதிய தேதிகளில் பலவற்றைப் பிறகு திருத்த வேண்டியதாயிற்று.

குலச்சின்ன அதிகாரிகளான ஹெரால்டுகள் 1530 முதல் 1688 வரை மாவட்டம் மாவட்டமாகச் சென்று தொகுத்த கொடிவழிகள்தான் பலருக்கும் முதல் நுழைவாயில். அச்சிலும் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றை நான் இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஹெரால்டுகளிடம் தகவல் சொன்ன குடும்பத்தவருடைய பாட்டனார் வரைக்கும்தான். அதற்கு மேலே போகப் போக, சொன்னவரின் ஆசையே அதிகம். பெண்மக்களின் பெயர்களும் பல இடங்களில் விடுபட்டுவிடுகின்றன.

என்னை மிகவும் சங்கடப்படுத்தியது ஓர் இணையக் குடும்ப மர வரைபடம். முதலாம் ஜானுக்கு ஜான் என்ற பெயரிலேயே இரண்டு மகன்கள், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள். மூத்தவர் 1463-ல் சர் பட்டம் பெற்று, மணமாகாமலே 1479-ல் இறந்தார். இளையவர் 1477-ல் மார்ஜரி புரூஸை மணந்து, 1504 வரை வாழ்ந்தார். நான் பதிவிறக்கிய வரைபடம் இருவரையும் ஒருவராக்கி, கான்ஸ்டன்ஸ் என்ற பெண்ணை மார்ஜரியின் மகளாகக் காட்டியது. நானும் அதைச் சரிபார்க்காமல் நண்பர்கள் சிலருக்கு அனுப்பிவிட்டேன். அந்தத் தவறு என்னுடையதும்தான்.

அதைத் திருத்தியது மார்கரெட் பாஸ்டனின் 1482-ஆம் ஆண்டு உயில். நான் படித்த ஆவணங்களிலேயே எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். சர் ஜானுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகள் கான்ஸ்டன்ஸுக்கு, 20 வயதாகும்போது 10 மார்க் (அக்காலப் பணக் கணக்கு அலகு) தர வேண்டும் என்று பாட்டியான மார்கரெட் எழுதியிருக்கிறார். இரண்டு ஜான்களும் ஒரே வரியில் பிரிந்துவிடுகிறார்கள். இன்னும் சில வரிகள் தள்ளி, தம் மகள் மார்ஜரியின் மகன் ஜான் காலுக்கு 20 பவுண்டு. அந்த மார்ஜரி, குடும்பத்தின் கணக்குப்பிள்ளையான ரிச்சர்டு காலை இரகசியமாக மணந்துகொண்டதால் 1469-ல் வீட்டை விட்டு விலக்கப்பட்டவர். அன்று கதவைச் சாத்திய அதே தாய், பேரனை மறக்கவில்லை. இதைப் படித்த மாலை வேறு எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

அதே உயிலில் தம் கல்லறைக் கல் எப்படி இருக்க வேண்டும் என்றும் மார்கரெட் சொல்கிறார். நான்கு மூலைகளிலும் நான்கு கேடயங்கள்: ஒன்றில் கணவருடைய சின்னமும் தம்முடையதும் இணைந்து, மற்றவற்றில் மாட்பி குடும்பத்தின் சின்னம், அது மணவுறவு கொண்ட பெர்னி, லவெய்ன், பூசாம்ப் குடும்பங்களின் சின்னங்களோடு, நடுவில் மாட்பி சின்னம் மட்டும் தனியாக. பாஸ்டன் குடும்பத்துக்கு வாழ்நாள் முழுவதும் உழைத்த அந்தப் பெண், தம் பிறந்த வீட்டின் கொடிவழியைக் கல்லில் பதித்துக்கொள்ள விரும்பினார். மாட்பி தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்ட தெற்குப் பகுதி இன்று இல்லை, கல்லும் இல்லை. உயில் மட்டும் இருக்கிறது.

உயில்கள் கிடைக்கும் குடும்பமாக இருந்தால் அவற்றிலிருந்தே தொடங்குங்கள் என்றுதான் புதிதாக வருபவர்களிடம் இப்போது சொல்கிறேன். கடிதங்கள் உறவுச் சொற்களில் அவ்வளவு உறுதியானவை அல்ல. "கசின்" என்ற சொல்லை அவர்கள் எந்த உறவினருக்கும் எழுதுவார்கள், மாமியாரையும் "அம்மா" என்றே குறிப்பிடுவார்கள். உயிலில் பணம் கைமாற வேண்டியிருப்பதால், யாருக்கு யார் என்பதைப் பிசகில்லாமல் எழுத வேண்டிய கட்டாயம் இருக்கிறது.

என் வரைபடத்தில் கிளமெண்டுக்கு மேலே இப்போது ஒரு பெயரும் இல்லை. அவருடைய 1419-ஆம் ஆண்டு உயில், அவரைப் பாஸ்டன் ஊரின் புனித மார்கரெட் தேவாலயத்தில், மனைவி பியாட்ரிஸின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யச் சொல்கிறது. வுல்ஸ்டனை அழித்த இடத்தில், பென்சிலால், அந்த இரண்டு பெயர்களை மட்டும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன்.