ஆக்டேவியாவில் ஆடி டிடி புஷ்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

பழைய ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டிடிஐ வைத்திருப்பவர்கள் சஸ்பென்ஷனில் கை வைக்க நினைத்தால் முதலில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் என்றுதான் போவார்கள். அதற்கு முன்னால், முன் சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ்ஷை, அதாவது ஆர்ம் அசையும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளையைப் பாருங்கள் என்பேன். என் வண்டியில் அந்த இடத்தில் ஆடி டிடியின் புஷ் ஏறிச் சில வருடங்கள் ஆகின்றன. புது புஷ் எதைப் போட்டாலும் முதல் மாதம் வண்டி நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் இவ்வளவு நாள் ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.

வேறு வண்டியின் பாகம் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். 1996-ல் ஐரோப்பாவில் வந்த முதல் தலைமுறை ஆக்டேவியா, 1997-ன் நான்காம் தலைமுறை கோல்ஃப், 1998-ன் டிடி, எல்லாமே ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பிக்யூ34 என்ற ஒரே அடித்தளத்தில் பிறந்தவை. ஔரங்காபாத்தில் தயாரான நம் ஆக்டேவியாவும் அதே குடும்பம்தான். லோயர் ஆர்மில் முன்னால் ஒரு சின்ன புஷ் படுத்திருக்கும். பின்னால் ஒரு பெரிய புஷ் செங்குத்தாக நிற்கும். அந்தப் பெரிய புஷ்ஷின் ரப்பரில் ஆக்டேவியாவுக்கும் கோல்ஃபுக்கும் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருக்கிறார்கள். சக்கரம் குழியில் மோதும்போது ஆர்ம் கொஞ்சம் பின்னால் நகர்ந்து அதிர்வை வாங்கிக்கொள்ளும். குடும்பக் காருக்கு நல்ல யோசனைதான். டிடி ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் அதன் புஷ்ஷில் அந்த இடைவெளி இல்லை, முழுக்க ரப்பர். வெளி அளவு ஒன்றே.

என் வண்டியின் பழைய புஷ் வயதாகித் தளர்ந்திருந்தது. பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி வெளியே எடுத்தபோது, இடைவெளியின் ஓரத்திலிருந்து ரப்பர் கிழிந்து உள் குழாயே தனியாக ஆடிக்கொண்டிருந்தது. டிடி புஷ்ஷைக் கையில் வாங்கிப் பார்த்த பிரஸ் கடைக்காரருக்குச் சந்தேகம். "ஏனுங்க, இது வேற வண்டி புஷ்ஷுங்களே, உள்ள உட்காருமுங்களா?" வெர்னியர் வைத்து இரண்டையும் அளந்து பார்த்த பிறகுதான் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றினார். கொஞ்சமும் கோணாமல் நேராக இறங்கியது. ஆர்ம், அதன் நுனியில் சக்கரப் பக்கம் இருக்கும் பால் ஜாயின்ட் எல்லாம் ஆக்டேவியாவுடையதே. டிடியிலிருந்து எடுத்தது இந்த புஷ் மட்டும்தான். ஆர்மையே மாற்றப் போனால் வேலையும் செலவும் வேறு பக்கம் போய்விடும்.

வித்தியாசம் முதலில் தெரிவது பிரேக்கில். பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படும். அந்த விசையை வாங்குவது இந்தப் பின் புஷ்தான். தளர்ந்த புஷ் என்றால் ஆர்ம் நகர்ந்து, சக்கரம் பார்க்கும் திசையே லேசாக மாறும். ஸ்டீயரிங் கையில் அலையும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். முன்பெல்லாம் இறங்கும்போது வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தபடி திருப்பினால் முன்பக்கம் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். கனமான இரும்பு டீசல் எஞ்சின் முன்னால் இருப்பதால் அது இன்னும் அதிகமாகத் தெரியும். இப்போது அந்தத் தயக்கம் இல்லை, கை போன இடத்துக்கு மூக்கு போகிறது. வண்டியின் உயரத்தைக் குறைக்காமல், ஸ்பிரிங்கைத் தொடாமல் கிடைத்த மாற்றம் இது. முன் டயர்களின் உள் ஓரத் தேய்வும் நன்றாகவே குறைந்திருக்கிறது.

கொடுத்த விலை சொகுசில் கொஞ்சம். மேம்பாலங்களின் இணைப்புப் பட்டைகளைக் கடக்கும்போது 'டக் டக்' என்ற சத்தம் முன்பைவிடக் கூர்மையாகக் கேட்கிறது. உடைந்த தார்ச்சாலையில் மெதுவாகப் போனால் சின்னக் குழிகள் ஸ்டீயரிங் வரை வருகின்றன. ஸ்பீடு பிரேக்கரில் பெரிய வித்தியாசம் இல்லை. நகருக்குள் மட்டும் ஓட்டுபவர், அதுவும் பெரிய ரிம்மில் பக்கச்சுவர் உயரம் குறைந்த டயர் போட்டவர், ஒரிஜினல் புஷ்ஷையே புதிதாகப் போட்டுக்கொள்வது மேல். நெடுஞ்சாலையும் மலையும் ஓட்டுபவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

பல மழைக்காலம் பார்த்த பிறகும் ரப்பரில் வெடிப்பு இல்லை. ஆனால் எஞ்சினில் ஆயில் கசிந்தால் அதை முதலில் நிறுத்திவிடுங்கள். ஆயில் ஊறினால் எவ்வளவு நல்ல ரப்பரும் பஞ்சாகிவிடும்.

வாங்கும்போது 8என்0 407 181 பி என்ற எண்ணைப் பாருங்கள். எண் சரியாக இருந்தாலும் ரப்பரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இடைவெளி தெரிந்தால் அது வேறு புஷ். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆர்ம் கழன்றிருக்கும்போதே முன் சின்ன புஷ்ஷையும் பால் ஜாயின்ட்டையும் பார்த்துக்கொண்டால் கூலி மிச்சம். ஆர்மைப் பிடிக்கும் போல்ட்டுகள் முறுக்கும்போது நீளும் வகை, பழையதைத் திரும்பப் போடாதீர்கள். முன் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு.

அப்புறம் வீல் அலைன்மென்ட். இந்த வண்டியில் முன் கேம்பருக்கு, அதாவது சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணத்துக்கு, தனித் திருகு கிடையாது. ஆர்ம்களைத் தாங்கும் சப்ஃபிரேம் என்ற சட்டம் எங்கே உட்கார்கிறதோ அதைப் பொறுத்துத்தான் வரும். ஆகவே சப்ஃபிரேமை இறக்க வேண்டி வந்தால், கழற்றும் முன்பே அதன் இடத்தைப் பெயின்ட்டால் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.