சஸ்பென்ஷன் புஷ்: ரப்பரா, பாலியூரித்தேனா, டெல்ரினா?

1957இல் வந்த லோட்டஸ் செவன் பாணியில், சதுரக் குழாயை வெட்டி வெல்டிங் வைத்து வீட்டு ஷெட்டிலேயே கார் கட்டுகிறவர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். இந்த வகைக் காரில் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டை வடிவக் கை மேலே ஒன்று, கீழே ஒன்று. நான்கு விஷ்போன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு புஷ் (மூட்டில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் உருளை), ஆக எட்டு. பின்பக்கம் லைவ் ஆக்சில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கெட்டியான ஆக்சில்) என்றால், அதை முன்பின்னாகப் பிடிக்க நான்கு டிரெயிலிங் லிங்க், பக்கவாட்டில் பிடிக்க ஒரு பனார்டு ராட், முனைக்கு ஒரு புஷ் வீதம் இன்னும் பத்து. பதினெட்டையும் ஒரே பொருளில் கடைந்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். அதைத்தான் செய்யக்கூடாது. பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன், ஒவ்வொரு மூட்டும் எந்தெந்தத் திசையில் அசைய வேண்டும் என்று பார்க்க வேண்டும்.

முன் விஷ்போனின் இரண்டு புஷ்ஷும் ஒரே அச்சில் இருக்கின்றன. சக்கரம் ஏறி இறங்கும்போது விஷ்போன் கதவுக் கீல் மாதிரி போல்ட்டைச் சுற்றி மட்டுமே ஆடுகிறது. வேறு எந்த அசைவும் அங்கே தேவையில்லை.

டிரெயிலிங் லிங்க் கதை வேறு. வளைவில் பாடி 4 டிகிரி சாய்ந்தால், ஆக்சில் சாலையோடு நிற்கும், ஃபிரேம் சாயும். இடையில் மாட்டிய லிங்க் தன் நீளவாக்கில் 4 டிகிரி முறுக வேண்டும், முனைக்கு 2 டிகிரி வீதம். 45 மி.மீ. நீள டெல்ரின் புஷ்ஷில் 0.08 மி.மீ. இடைவெளி விட்டால் அது கொடுக்கும் சாய்வு 0.1 டிகிரிதான். மீதி 1.9 டிகிரிக்கு லிங்க் குழாயும் பிராக்கெட்டும்தான் வளைந்து கொடுக்க வேண்டும். அதாவது, கேட்காமலே பின்பக்கத்தில் ஒரு ஆன்டி-ரோல் பார் (பாடி சாய்வதைத் தடுக்கும் முறுக்குக் கம்பி) முளைத்துவிடுகிறது. பாதி வளைவில் பின் டயர் பிடியை விடும், பிராக்கெட் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விழும். 1979 முதல் 1993 வரை வந்த ஃபாக்ஸ் பாடி மஸ்டாங்கில் பின் ஆக்சிலின் மேல் லிங்க்குகள் சாய்வாக அமைந்தவை. அங்கே ரப்பரை எடுத்துவிட்டு கெட்டியான பாலியூரித்தேன் போட்டவர்கள் சந்தித்ததும் இந்த இறுக்கத்தைத்தான்.

இனி வரும் அளவுகள் எல்லாம் ஒரே உதாரணத்துக்கு: ஆர்ம் டியூப் (புஷ் உட்காரும் குழாய்) உள்விட்டம் 30 மி.மீ., நீளம் 45, போல்ட் எம்12 (12 மி.மீ.), நடு ஸ்லீவின் (போல்ட் நுழையும் இரும்புக் குழாய்) வெளிவிட்டம் 18, புஷ் காலரின் (புஷ் முனையில் உள்ள விளிம்பு) விட்டம் 40, தடிமன் 3.

ரப்பர்

ரப்பர் புஷ்ஷில் எதுவும் உராய்ந்து சுழல்வதில்லை. உள் ஸ்லீவ், வெளி ஸ்லீவ் இரண்டோடும் ரப்பர் ஒட்டியிருக்கிறது; அசைவு முழுவதும் ரப்பர் முறுகுவதால் வருகிறது. கிரீஸ் வேண்டாம், சத்தம் வராது, எல்லாத் திசையிலும் கொஞ்சம் கொடுக்கும். டிரெயிலிங் லிங்க்குக்கு வேண்டியது இந்தக் குணம்தான்.

ஆனால் இதை வீட்டில் தயாரிக்க முயல வேண்டாம். இரும்போடு ரப்பர் ஒட்ட பாண்டிங் பூச்சு வேண்டும், 150 டிகிரி அளவில் அழுத்தத்தோடு வல்கனைஸ் செய்ய வேண்டும். அந்த ஒட்டு சரியாக அமைந்ததா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது. எளிதாகக் கிடைக்கும் ஒரு கார் புஷ்ஷை வாங்கி, அதன் வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, ஆர்ம் டியூபை அதற்கேற்பக் கடைவதே நல்ல வழி. 0.1 மி.மீ. இறுக்கம் போதும். டியூபை வெல்டிங் வைத்து ஆறிய பிறகு உள்துளையைக் கடையுங்கள். முன்பே கடைந்தால் வெல்டிங் சூட்டில் துளை முட்டை வடிவமாகிவிடும்.

ரப்பர் புஷ் சீக்கிரம் கிழிய முக்கியக் காரணம் போல்ட்டை இறுக்கும் நேரம். காரை ஜாக்கில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் முழு டார்க் கொடுத்தால், கீழே இறக்கியதுமே ரப்பர் முறுகிய நிலையில்தான் நிற்கும். கார் தன் எடையில் சாதாரண உயரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு.

பாலியூரித்தேன்

விற்பனைக்கு வரும் பாலி புஷ்கள் பெரும்பாலும் ஷோர் ஏ என்னும் கெட்டித்தன்மை அளவில் 80 முதல் 95 வரை. ரப்பரைவிட நன்றாகக் கெட்டி. காலர் வைத்த இரண்டு பாதிகளை டியூபின் இருபுறமும் செருகி, நடுவே இரும்பு ஸ்லீவ் போடுவது வழக்கம். புஷ் ஸ்லீவ் மீது சறுக்கிச் சுழலும்.

செய்வதற்கு இரண்டு வழி: ராடிலிருந்து கடைவது, அல்லது அச்சில் ஊற்றுவது. கடைவது கடினம். டூல் பட்டதும் பொருள் விலகிப் போகும், டிரில் போட்டால் துளை டிரில்லைவிடச் சிறியதாக வரும், சூடானால் இழுபடும். டிரை ஐஸில் வைத்து விறைக்கச் செய்து, சவர பிளேடு கூர்மையில் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலை அதிக ரேக் கோணத்தில் (வெட்டு முகத்தின் சாய்வு) தீட்டி, ஒரே மூச்சில் வெட்டினால் சுமாராக வரும். முன்பக்க எட்டு புஷ்ஷின் பதினாறு பாதிகளும் ஒரே அளவில் வேண்டுமென்றால் ஊற்றுவதே மேல்.

ஒரு பாதியின் கன அளவு சுமார் 13 கன செ.மீ., எடை 14 கிராம். முன்பக்கப் பதினாறு பாதிக்கு 225 கிராம். பாத்திரத்தில் ஒட்டுவது, வீணாவது சேர்த்து 350 கிராம் கலந்தால் போதும். பாலி திரவத்தின் இரண்டு பாகங்களையும் 0.1 கிராம் துல்லியத் தராசில் எடை போட்டுக் கலக்க வேண்டும். விகிதம் தவறினால் புஷ் காலமெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும், அல்லது விண்டுபோகும். கலந்ததை வேக்கம் சேம்பரில் வைத்துக் காற்றை இழுங்கள். நுரை பொங்கி எழும் என்பதால் பாத்திரம் கலவையைப் போல நான்கு மடங்கு பெரிதாக இருக்கட்டும். பிறகு அச்சின் ஒரே மூலையில் மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும்.

இதில் பெரிய எதிரி ஈரம். கலவையின் ஒரு பாகமான ஐசோசயனேட் தண்ணீரைத் தொட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும், வெட்டிப் பார்த்தால் உள்ளே குமிழ் குமிழாக இருக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் மழைக்காலத்தில் ஊற்றுவதைத் தவிர்ப்பது நல்லது. அச்சைச் சூடாக்கி உலர்த்திவிட்டு ஊற்றுங்கள், திறந்த டப்பாவை உடனே மூடுங்கள். ஐசோசயனேட் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும். காற்றோட்டமும் தகுந்த ஃபில்டர் மாஸ்க்கும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

வாங்கும்போது பாலியெஸ்டர் வகையா, பாலியீத்தர் வகையா என்று கேட்டு வாங்குங்கள். பாலியெஸ்டர் எண்ணெயைத் தாங்கும், ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் சிதையும். சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் அடிக்கும் இடத்துக்குப் பாலியீத்தரே பொருத்தம்.

அளவில் ஒரு நுணுக்கம்: பாலியூரித்தேனின் கன அளவு அழுத்தினாலும் குறையாது, வேறு பக்கம் ஒதுங்கும். வெளிவிட்டம் 30.2 வைத்து டியூபில் தள்ளினால் அந்த 0.2 மறைந்துவிடாது, உள்துளை அதைவிடச் சற்று அதிகமாகச் சுருங்கும். அதனால் உள்துளையை 18.3 வைத்தால் பொருத்திய பின் ஏறத்தாழ 18.0 வரும், ஸ்லீவ் கை அழுத்தத்தில் நுழையும். அச்சில் ஊற்றியது ஆறும்போது சுருங்கும் அளவு கலவைக்குக் கலவை மாறும். முதலில் ஒரே ஒரு பாதியை ஊற்றி அளந்து, பிறகு அச்சைத் திருத்துங்கள்.

கிறீச் சத்தம் பாலி புஷ்ஷின் கூடப் பிறந்தது. கிரீஸ் வழித்துப் போனதும் ஆரம்பிக்கும். உள்துளையில் சுருள் வரிப்பள்ளம் வைத்து சிலிகான் கிரீஸ் நிரப்பினால் நாள் தாங்கும். டியூபில் கிரீஸ் நிப்பிள் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

டெல்ரின்

அசிட்டால் பிளாஸ்டிக்கின் வணிகப் பெயர்களில் ஒன்று இது. லேத்தில் இதைப் போல இதமாக வெட்டும் பொருள் குறைவு. கூலன்ட் வேண்டாம், கூரான டூல் இருந்தால் நீளச் சுருளாக வரும். மழுங்கிய டூலால் தேய்த்துக் கருக விடாதீர்கள். ஃபார்மால்டிஹைடு வாயு வரும். 0.5 மி.மீ. மிச்சம் வைத்துக் கடைந்து, ஓர் இரவு விட்டு, மறுநாள் கடைசி அளவுக்கு எடுத்தால் நெளியாது.

வெளிவிட்டம் 30.08. பிரஸ்ஸில் தள்ளியதும் உள்துளை கிட்டத்தட்ட அதே அளவு சுருங்கும். எனவே தள்ளிய பிறகுதான் ரீமர் (துளையை நுட்பமாகப் பெரிதாக்கும் கருவி) போட்டு 18.08க்குக் கொண்டுவர வேண்டும். இடைவெளியை இன்னும் குறைத்தால் ஆட்டமே இல்லாமல் அருமையாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. டெல்ரின் இரும்பைப் போல ஒன்பது பத்து மடங்கு விரியும். வெளியே இரும்பு டியூப் தடுப்பதால் உள்பக்கம்தான் விரியும். வெப்பம் 30 டிகிரி கூடினால் துளை சுமார் 0.04 மி.மீ. சுருங்கும். காலையில் 0.03 இடைவெளியில் சுழன்ற புஷ், மத்தியானம் ஸ்லீவைப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு விஷ்போனைத் தூக்கி விட்டுப் பாருங்கள். டெல்ரினில் சரியாக அமைந்த ஆர்ம் தன் எடையிலேயே விழும். பாலி புஷ் போட்டது பாதியில் நின்று மெதுவாக இறங்கும். ரப்பர் பழைய இடத்துக்கே திரும்பி வரும். உராய்வு இல்லாத இந்த அசைவுக்காகவே டெல்ரினுக்கு மெனக்கெடலாம்.

ஆனால் டெல்ரின் ஜிக்கின் (வெல்டிங்கின்போது பாகங்களைப் பிடித்து நிறுத்தும் சட்டம்) தவறை மன்னிக்காது. இரண்டு புஷ்ஷுக்கு நடுவே 250 மி.மீ. இருந்தால், முன்னே சொன்ன 0.1 டிகிரி என்பது வெறும் 0.4 மி.மீ. விலகல். பிராக்கெட் வெல்டிங் அதைவிட அதிகமாக இழுக்கும். 12 மி.மீ. நேரான பிரைட் பார் (பளபளப்பான எஃகுக் கம்பி) ஒன்றை இரு பிராக்கெட்டின் துளைகள் வழியாகவும் செருகுங்கள். விரலால் சுழற்ற முடிந்தால் டெல்ரின். சுத்தியல் கேட்டால் பிராக்கெட்டைத் திருத்துங்கள், இல்லையேல் பாலியூரித்தேனுக்குப் போங்கள்.

கடையில் டெல்ரின் கேட்டால் வெள்ளை நைலான் ராட் கைக்கு வரலாம். இரண்டும் பார்க்க ஒன்றுதான். நைலான் நீரில் நெடுநாள் ஊறினால் தன் எடையில் 8–9 சதவீதம் உறிஞ்சிப் பருக்கும், ஸ்லீவைக் கவ்வும். டெல்ரின் மிகக் கொஞ்சமே உறிஞ்சும். கண்டுபிடிக்க, 40 மி.மீ. விட்டத்தில் 100 மி.மீ. துண்டை எடை போடுங்கள்: டெல்ரின் 178 கிராம், நைலான் 144 கிராம் அளவில். தராசு இல்லையா? உப்பு இனிக் கரையாது என்னும் வரை கரைத்த தண்ணீரில் சிறு துண்டைப் போடுங்கள். நைலான் மிதக்கும், டெல்ரின் மூழ்கும்.

மற்றவை

ரோஸ் ஜாயின்ட் (உள்ளே உருண்டை வைத்த உலோக மூட்டு) எல்லாப் பக்கமும் திரும்பும், ஆட்டம் துளியும் இல்லை. ரேஸ் காருக்குச் சரி. புழுதிச் சாலையில் உள் லைனிங் சீக்கிரம் தேயும், ஒவ்வொரு குழியும் நேராக ஃபிரேமில் இடிக்கும். பனார்டு ராடுக்கு மட்டும் யோசிக்கலாம். அதன் போல்ட்கள் முன்பின்னாகப் போவதால் ஏற்ற இறக்கம், சாய்வு இரண்டுமே போல்ட்டைச் சுற்றித்தான் நடக்கின்றன. அங்கே கெட்டியான பாலியூரித்தேனும் நன்றாக ஓடும், ஆக்சில் பக்கவாட்டில் நழுவாது. 3டி பிரின்ட் செய்த டிபியூ (வளையும் பிளாஸ்டிக்) புஷ்ஷை அளவு பார்க்க மட்டும் வையுங்கள். அடுக்கு அடுக்காகப் பிரியும்.

ஸ்லீவ்

பாலி, டெல்ரின் இரண்டிலும் வேலை கெடுவது பெரும்பாலும் ஸ்லீவ் நீளத்தில். டியூப் 45, காலர் இரண்டும் 6, ஆக 51. டெல்ரினுக்கு ஸ்லீவ் 51.2, பாலிக்கு 51.3 முதல் 51.5 வரை. 8.8 கிரேடு எம்12 போல்ட்டை 80 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கும்போது பிராக்கெட் ஸ்லீவை மட்டும்தான் நெரிக்க வேண்டும். ஸ்லீவ் குட்டையானால் காலர் நசுங்கும், ஆர்ம் இறுகும், ஸ்லீவ் போல்ட் மீது சுழலத் தொடங்கும். சில மாதத்தில் போல்ட்டில் பள்ளமும் பிராக்கெட் துளையில் நீள்வட்டமும் வந்துவிடும். இஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) கம்பியில் கடைந்து, 600 எமரி தாளால் பளபளப்பாக்குங்கள். டூல் வரி மிச்சம் இருந்தால் அரம் போல புஷ்ஷை அராவிவிடும்.

சாலையில் ஓட்டும் செவன் வகைக் காருக்கு எங்கள் தேர்வு: முன் விஷ்போனுக்கு, பார் சோதனை தேறினால் டெல்ரின், தேறாவிட்டால் 90 ஷோர் பாலி. டிரெயிலிங் லிங்க்கின் எட்டு முனைக்கும் வாங்கிய ரப்பர். பனார்டு ராடுக்குப் பாலி. முதல் 500 கி.மீ. ஓடியதும் ஒரு விஷ்போனைக் கழற்றிப் பாருங்கள். ஸ்லீவில் சுற்றிலும் ஒரே மாதிரி மெல்லிய பளபளப்பு இருந்தால் சரி. எதிரெதிர் மூலைகளில் மட்டும் தேய்ந்திருந்தால் புஷ்களின் மைய அச்சு விலகியிருக்கிறது. புஷ்ஷை மாற்றிப் பயனில்லை, பிராக்கெட்டை வெட்டி நேராக்கி வெல்டிங் வைக்க வேண்டும்.