முழுநேர யூதப் பள்ளியா, மாலை ஹீப்ரு வகுப்பா?

என் மனைவி யூதர். பிள்ளையை யூத முறையில் வளர்ப்பது என்று கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்தாயிற்று. எங்கே படிக்கவைப்பது என்பதில்தான் இழுபறி. நியூஜெர்சியில் எங்களுக்கு இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, ஜெப ஆலயத்தில் நடக்கும் மாலை வகுப்பு. இன்னொன்று, கணக்கு, அறிவியலோடு தோராவும் (யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்கள்) சொல்லித்தரும் முழுநேரப் பள்ளி. மகள் மூன்றாம், நான்காம் வகுப்பில் முதல் வழியில் போனாள், ஐந்திலிருந்து இரண்டாவது. இப்போது ஆறாவது முடிகிறது. என் ஓட்டு முழுநேரப் பள்ளிக்கே.

பணக்கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். முழுநேரப் பள்ளிக்கு வருடத்துக்கு 20,000 டாலருக்கு மேல் ஆகிறது. மாலை வகுப்புக்கு அதில் சிறு பங்கு போதும், தெருவில் இருக்கும் தோழிகளோடு அரசுப் பள்ளியிலேயே படிக்கலாம். ரெபெக்கா கிராட்ஸ் என்ற யூதப் பெண்மணி 1838இல் பிலடெல்பியாவில் ஞாயிறு பள்ளி தொடங்கியதே, வேறு எங்கும் சமயம் படிக்க வழியில்லாத யூதப் பிள்ளைகளுக்காகத்தான். அந்தத் தேவை இன்றும் இருக்கிறது.

நான் பார்த்தது ஒன்றே ஒன்று: படித்த எழுத்து பிள்ளையிடம் நிற்கிறதா?

ஹீப்ருவில் 22 எழுத்துகள், எல்லாம் மெய். உயிரொலியைக் காட்டச் சின்னப் புள்ளிகளும் கோடுகளும் உண்டு, நிக்குத் என்பார்கள். ஜெபப் புத்தகத்தில் அவை இருக்கும், தோராச் சுருளில் இருக்காது. காலும் கொம்பும் சுழியும் இல்லாத தமிழை நினைத்துப் பாருங்கள். சொல் தெரிந்தவர்தான் வாசிக்க முடியும். எங்கள் ஜெப ஆலயத்தில் பாத் மிட்ஸ்வா அன்று, அதாவது பெண் பிள்ளை சமயப் பொறுப்பு ஏற்கும் நாளில், 13 வயதுப் பெண் அந்தச் சுருளின் முன்தான் நிற்க வேண்டும்.

மாலை வகுப்பு ஞாயிறு மூன்று மணி நேரம், புதன் இரண்டு மணி நேரம். புதன்கிழமை வரும் பிள்ளை ஏற்கெனவே ஒரு முழுப் பள்ளி நாளை முடித்துவிட்டு வருகிறது. கோடை முழுக்க விடுமுறை. நான்காம் வகுப்பு தொடங்கிய செப்டம்பரில் மகள் ஷ்மா ஜெபம் வாசித்தாள். விரல் இரண்டாவது வரியில் இருக்க, வாய் நான்காவதுக்குப் போய்விட்டது. எல்லாம் மனப்பாடம். அதிலிருந்த ஒரு சொல்லையே மனைவி வேறு பக்கத்தில் காட்டினாள். மகள் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஐந்து மணி நேரத்தில் பண்டிகை, வரலாறு, ஜெபம், எழுத்து எல்லாவற்றையும் அவர் எங்கே அடக்குவார்? வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு இது புரியும்.

முழுநேரப் பள்ளியில் தினமும் காலை ஜெபம், அப்புறம் இரண்டு மணி நேரம் ஹீப்ருவும் தோராவும். நேற்று வந்த சொல் இன்று மறுபடி வருகிறது. முதல் வருடம் முடிவதற்குள் ஆபிரகாமிடம் கடவுள் மகனைப் பலி கேட்கும் ஆதியாகமம் 22க்கு வந்துவிட்டார்கள், அதுவும் 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷியின் உரையோடு. உரையைத் தொடும் முன் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: "ராஷிக்கு இங்கே என்ன உறுத்தியது?" கடவுள் ஆபிரகாமிடம் "ஈசாக்கைக் கொண்டு போ" என்று நேரே சொல்லாமல் "உன் மகனை, உன் ஒரே மகனை, நீ நேசிக்கிறவனை" என்று ஏன் சுற்றி வருகிறார்? இடையில் ஆபிரகாம் பதில் பேசியதாக ராஷி காட்டுகிறார். "எனக்கு மகன்கள் இரண்டு பேர்." "இவன் தன் தாய்க்கு ஒரே மகன், அவனும் தன் தாய்க்கு ஒரே மகன்." "இருவரையுமே நேசிக்கிறேன்." அதன் பிறகுதான் பெயர் வருகிறது. மகள் சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை விரித்து, விரலை அந்தந்தச் சொல்லிலேயே வைத்து, "பேரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுது பாருங்கப்பா" என்றாள். கட்டணம் கட்டும் ஒவ்வொரு மாதமும் அந்த விரல்தான் எனக்கு ஞாபகம் வரும்.

வீட்டில் தினம் பத்து நிமிடம் பிள்ளையோடு உட்கார்ந்து வாசிக்க ஹீப்ரு தெரிந்த பெரியவர் இருந்தால், மாலை வகுப்பே போதும் என்று நினைக்கிறேன். என் மனைவிக்கு மருத்துவமனையில் இரவுப் பணி, எனக்கு ஹீப்ரு தெரியாது. தனி ஆசிரியரையும் ஒரு கோடையில் வைத்துப் பார்த்தோம். வாசிப்பு தேறியது, ஆனால் பாடத்தைப் பற்றிச் சண்டை போட இன்னொரு பிள்ளை இல்லை. ஒரு கோடையை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

எந்தப் பள்ளியைப் பார்க்கப் போனாலும், அங்கே ஒரு வருடம் படித்த பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை வாசிப்பதைக் கேட்க முடியுமா என்று விசாரியுங்கள். ஜூனில் போக வேண்டாம், கோடை விடுமுறை முடிந்த செப்டம்பரில் போங்கள்.