சின்ன வெங்காயம்: காட்டிலேயே விற்பதா, பட்டறை போடுவதா?

பெரம்பலூர், திண்டுக்கல், திருப்பூர் பக்கம் வெங்காயம் பறிக்கும் வாரத்தில் ஒவ்வொரு காட்டிலும், அதாவது விளைநிலத்திலும், இந்தக் கேள்வி வரும். வைத்திருந்தால் விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் பலரும் பட்டறை போடுகிறார்கள், அதாவது காற்றோட்டமான மேடை கட்டிக் காயைச் சேமித்து வைக்கிறார்கள். எவ்வளவு ஏறினால் கட்டும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு.

கையில் 5 டன் காய், விலை கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்றே கொடுத்தால் 1,50,000 ரூபாய். பட்டறைக்கும் கூலிக்கும் 10,000. முடங்கிய பணத்துக்கு நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி வீதம் 4 மாதத்துக்கு 6,000. ஆக, 1,66,000 திரும்பினால்தான் முதலுக்கு மோசமில்லை. உலர்தல், அழுகல், முளைப்பு எல்லாம் சேர்ந்து எடை 20% குறைந்தால் கிலோ 41.50 ரூபாய்க்கு விற்க வேண்டும். 30% குறைந்தால் 47.50. 40% போய்விட்டால் 55 ரூபாய்க்கு மேல். சந்தை விலை நம் கையில் இல்லை. சேதத்தைக் குறைப்பது பெருமளவு நம் கையில்தான் இருக்கிறது.

அந்த வேலை காட்டிலேயே தொடங்குகிறது. முக்கால்வாசித் தாள் (வெங்காய இலை) சாய்ந்த பிறகே பறிக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். கடைசி நேரத்தில் யூரியா போட்ட காட்டில் கழுத்து தடித்திருக்கும். தாளை அறுத்த இடம் மூடாமல், அழுகல் அந்த வழியாகவே உள்ளே போகும். பறித்ததை ஒரு வரிசைத் தாள் அடுத்த வரிசைக் காயை மூடுமாறு பரப்பி, மூன்று நான்கு நாள் உலர்த்தி, ஓர் அங்குலம் விட்டுத் தாள் அறுப்பது நல்லது. அடிபட்டது, வெட்டுப்பட்டது, அடிப்பக்கம் மெத்தென்று அமுங்குவது எதுவும் பட்டறைக்குள் போகக் கூடாது. தாள் முறுகிச் சுருளும் திருகல் நோயோ அடியழுகலோ கண்ட காடு, பறிக்கும்போது மழை பிடித்த காடு என்றால் யோசிக்கவே வேண்டாம், உடனே விற்றுவிடலாம்.

பட்டறையின் அகலம் 4 அடியைத் தாண்டினால் நடுவில் காற்று போகாது; புழுக்கமும் முளைப்பும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கல் வைத்து, அதன்மேல் இடைவெளி விட்டு மூங்கில் பரப்பி, நீளப் பக்கம் காற்றைப் பார்த்திருக்குமாறு அமைக்க வேண்டும். மேலே தென்னங்கீற்று. மழைக்குப் போடும் தார்ப்பாயை மழை விட்டதும் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் உள்ளே ஆவி கட்டி, மழையில் நனைந்ததைவிட அதிகம் கெடும்.

பட்டத்தையும், அதாவது சாகுபடிப் பருவத்தையும், பார்க்க வேண்டும். தை, மாசியில் பறித்த காய் வறண்ட காலத்தில் இருக்கிறது. சித்திரை, வைகாசி நடவுக்கு விதைக்காய் தேடி ஆள் வரும். ஆடி, ஆவணிக் காய்க்கும் புரட்டாசியில் விதைத் தேவை உண்டு. ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் பட்டறையைக் காலி செய்துவிட வேண்டும்.

காட்டிலேயே விற்பதில் பணம் கைக்கு வருகிறது, கடன் அடைகிறது. எல்லாரும் ஒரே வாரத்தில் பறிப்பதால் விலை சொல்வது வியாபாரிதான். தாள் அறுக்கும் கூலி யாருடையது, கழிவு என்று மூட்டைக்கு எத்தனை கிலோ எடையைக் கழிப்பார் என்பதை எடை போடும் முன்பே பேசி முடிக்க வேண்டும். கிலோவுக்கு 2 ரூபாய் கூடக் கேட்டு வாங்கியது இந்தக் கழிவிலேயே போய்விடும். மண்டியில் முன்பணம் வாங்கியவருக்குப் பெரும்பாலும் பட்டறை என்ற வழியே இல்லை. இதுதான் மனதை உறுத்துகிறது: காத்திருக்க வசதி இல்லாதவர்தான் மலிவாக விற்க வேண்டியிருக்கிறது.

பட்டறை போட்டவருக்கு அரசாணை பயமும் உண்டு. வெங்காய ஏற்றுமதிக்கு 2023 ஆகஸ்டில் 40% வரி வந்தது. டிசம்பரில் தடையே வந்தது; அது 2024 மே மாதம்தான் விலகியது. வரி முழுதாக நீங்கியது 2025 ஏப்ரலில். பெரிய வெங்காயத்தை மனதில் வைத்துப் போடும் உத்தரவு சின்ன வெங்காயத்தையும் அடிக்கிறது. அதனால்தான் இதைப் பெரிய வெங்காயத்திலிருந்து பிரித்துக் காட்டும் தனி ஏற்றுமதிக் குறியீட்டு எண் கேட்கிறார்கள். கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

எப்படியிருந்தாலும் அடுத்த நடவுக்கான விதையை விற்கக் கூடாது. ஏக்கருக்கு 600 கிலோ வேண்டும். 30% சேதம் போக அது மிஞ்ச வேண்டுமானால் 860 கிலோவாவது எடுத்து வைக்க வேண்டும். மீதியில் கடனுக்குத் தேவையானதைக் காட்டிலேயே கொடுத்துவிட்டு, எஞ்சியதைத் தனித்தனிச் சிறு பட்டறைகளாகப் போடலாம். ஒன்றில் அழுகல் வாடை வந்தால் அதை மட்டும் பிரித்து, பொறுக்கி, அந்த வாரமே சந்தைக்கு ஏற்றிவிடலாம்.