கண்ணாடிக் குழாய் ஹீட்டர்: சூடாக்குவதில் கெட்டி, நிறுத்துவதில்தான் சந்தேகம்

மீன் தொட்டி ஹீட்டர்களில் மலிவானதும் அதிகம் விற்பதும் இந்தக் கண்ணாடிக் குழாய்தான். உள்ளே பீங்கான் மேல் சுற்றிய கம்பிச் சுருள், அதற்குச் சற்று மேலே, சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு வைத்த தெர்மோஸ்டாட் (குறித்த சூட்டில் மின்சாரத்தை நிறுத்தி, ஆறினால் மீண்டும் இணைக்கும் ஸ்விட்ச்), தலையில் சூட்டைக் குறிக்க ஒரு குமிழ். இவ்வளவுதான் சரக்கு. சுருள் பல வருடம் உழைக்கும். கோளாறெல்லாம் தெர்மோஸ்டாட்டில்தான்.

குமிழில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். தகடு தண்ணீரைத் தொடுவதில்லை. சுருள் இருக்கும் அதே குழாய்க்குள் இருந்துகொண்டு அங்குள்ள சூட்டைத்தான் உணர்கிறது. அதனால் குமிழை 26 டிகிரி செல்சியஸில் வைத்தால் தண்ணீர் 24-இலும் நிற்கலாம், 28-இலும் நிற்கலாம். தனித் தெர்மாமீட்டர் ஒன்றை ஹீட்டருக்கு எதிர் மூலையில் பொருத்துங்கள். குமிழை 25-இல் வைத்து ஒரு நாள் முழுக்க விட்டு, தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் வைத்து குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் கணக்கு தப்பும்.

எத்தனை வாட் என்று கேட்டால், அறைச் சூட்டைவிட 5 டிகிரி வரை ஏற்ற லிட்டருக்கு 1 வாட் என்பது பழகிய கணக்கு. 100 லிட்டர் தண்ணீரை 100 வாட் ஹீட்டர், வெப்பம் வெளியே போகாது என்று வைத்துக்கொண்டாலும், மணிக்கு 0.86 டிகிரிதான் ஏற்றும். மெதுவாகத் தோன்றும். மீனுக்கு அந்த நிதானம்தான் நல்லது.

'கொஞ்சம் பெரிதாகவே வாங்கிவிடலாம்' என்ற நினைப்புதான் ஆபத்து. தெர்மோஸ்டாட் ஒவ்வொரு முறை இணைந்து பிரியும்போதும் அதன் முனைகளில் சிறு தீப்பொறி எழுகிறது. முனைகள் கருகி, ஒருநாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் ஹீட்டர் அணையவே அணையாது. 60 லிட்டர் தொட்டியில் 300 வாட் ஹீட்டர் இப்படி ஒட்டிக்கொண்டால் மணிக்கு 4 டிகிரி வேகத்தில் ஏற ஆரம்பிக்கும். ராத்திரியில் நடந்தால் காலையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதே தொட்டியில் 50 வாட் என்றால் ஏற்றம் மணிக்கு 0.7 டிகிரிக்கு மேல் போகாது, அதிலும் பாதி வெளியே கசிந்துவிடும். கவனிக்க நேரம் கிடைக்கும். பெரிய தொட்டிக்கு 200 வாட் ஒன்றுக்குப் பதில் 100 வாட் இரண்டை இரண்டு முனைகளில் வைக்கச் சொல்வது இதனால்தான். ஒன்று செத்தாலும் தொட்டி ஒரேயடியாகக் குளிர்ந்துவிடாது.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியது தண்ணீர் ஓட்டம். ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தின் அருகே வையுங்கள். படுக்கவைக்கலாம் என்று கையேட்டில் இருந்தால் அடிமட்டத்தில் படுக்கவைப்பதே மேல். மணலில் புதைக்கக் கூடாது. சூடு ஒரே இடத்தில் தேங்கிக் கண்ணாடி விரிசல் விடும். தண்ணீர் மாற்றும்போது முதலில் பிளக்கைக் கழற்றி, குழாய் ஆற 15 நிமிடம் கொடுங்கள். சூடான குழாய் வெளியே தெரியும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் உடைந்துவிடும். ஒயர் பிளக்கை விடத் தாழ்வாக ஒருமுறை தொங்கி மேலேறட்டும். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், பிளக்கிற்குப் போகாது. ஆஸ்கர் போன்ற முரட்டு மீன் இருந்தால் பிளாஸ்டிக் கூடு போட்டதை வாங்குங்கள்.

இந்த ஹீட்டரை நம்பகமானதாக மாற்றுவது தனியாக விற்கும் டிஜிட்டல் கன்ட்ரோலர்; தண்ணீரில் இடும் சென்சாரால் சூட்டை அளந்து ஹீட்டரைப் போட்டு அணைப்பது அதன் வேலை. ஹீட்டரின் பிளக்கை அதில் செருகி, கன்ட்ரோலரை 26-இலும் ஹீட்டர் குமிழைச் சுமார் 28-இலும் வையுங்கள். வழக்கமாக அணைப்பது கன்ட்ரோலர். அதற்குள் இருக்கும் ரிலே (மின்சாரத்தை இணைத்துப் பிரிக்கும் ஸ்விட்ச்) ஒட்டிக்கொண்டால் ஹீட்டரின் தகடு 28-இல் நிறுத்தும். இரண்டும் ஒரே நேரத்தில் கெடுவது அபூர்வம். ஒரே பலவீனம் சென்சார் ஒயர்தான். அது நழுவித் தண்ணீருக்கு வெளியே விழுந்தால், குளிர்ந்த காற்றை அளந்து 'இன்னும் சூடு வேண்டும்' என்று கன்ட்ரோலர் ஹீட்டருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும்; அப்போது காவலுக்கு மிஞ்சுவது ஹீட்டரின் தகடு மட்டும்தான். ரப்பர் உறிஞ்சி போதாது, கிளிப் போடுங்கள். டைட்டானியம் ஹீட்டர் உடையாது என்பது உண்மை. ஆனால் பலவற்றில் உள்ளே தெர்மோஸ்டாட் கிடையாது, அதனால் அந்த இரண்டாவது காவல் இல்லாமல் போகிறது. உடைக்கும் மீன் இல்லாத தொட்டிக்குக் கண்ணாடியும் கன்ட்ரோலரும் சேர்ந்ததே நல்ல ஜோடி.

யாருக்குத் தேவையில்லை? 18 முதல் 22 டிகிரியில் சுகமாக வாழும் தங்க மீனுக்கு, அறை அந்த அளவில் இருந்தால் வேண்டாம். 28-க்கு மேல் கேட்கும் டிஸ்கஸ் மீனுக்கு அநேகமாக வேண்டும். தண்ணீர் தானாகவே 30-ஐத் தாண்டும் காலத்தில் ஹீட்டர் சும்மா கிடக்கும்; தேவை தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசும் ஒரு சிறு மின்விசிறி. 100 லிட்டர் தொட்டியில் 1 லிட்டர் ஆவியானால் சுமார் 6 டிகிரிக்கு ஈடான வெப்பம் வெளியேறுகிறது. ஆனால் மட்டமும் இறங்கும். ஹீட்டரை நிமிர்த்தி வைத்திருந்தால் குழாயில் போட்டிருக்கும் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் போகாமல் தினமும் ஊற்றி நிரப்புங்கள்.