ஒரு பொத்தானும் 64 இடங்களும்: ஓட்ட வாட்ச், மூன்று வருடம் கழித்து

இடது பக்கத்துக் கீழ்ப் பொத்தான் மறுபடி அமுங்குகிறது. போன சனிக்கிழமை கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் வாட்ச் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரிடம் 250 ரூபாய் கொடுத்துச் சரிசெய்து வாங்கினேன். அதே வாரம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி, "அக்கா, உங்க கையில இருக்கிற மாடல் ஆறாயிரம் ரூபா குறைஞ்சிருக்கு, வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். நின்ற இடத்தில் சொல்லிவிடக்கூடிய பதிலாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜிபிஎஸ், இதயத்துடிப்பு, ஐந்து பொத்தான், தொடுதிரை இல்லை என்பதெல்லாம் கடைப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் வாங்கி மூன்று வருடம் நான்கு மாதம் ஆகிறது. வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன், ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டரிலிருந்து பத்து வரை. போட்டிக்கெல்லாம் போவதில்லை. கே.ஆர்.பி. அணையின் கால்வாய்க் கரை, மாந்தோப்புகளுக்கு நடுவே போகும் மண் தடம், ஞாயிற்றுக்கிழமை என்றால் பெயர் தெரியாத ஏதாவது ஒரு கிராமத்துச் சாலை. இடுப்புப் பையில் உள்ளங்கை அகல நோட்டு ஒன்றும் இங்க் பேனா ஒன்றும் இருக்கும். ஓட்டமும் படம் வரைவதும் எனக்கு இரண்டு வேலை இல்லை. வழியில் தென்படும் நடுகற்களை, அதாவது சண்டையில் இறந்த வீரர்களுக்காக அந்தக் காலத்தில் உருவம் செதுக்கி நட்ட கற்களை, வரைகிறேன், அதற்காகவே பாதி வழிகளைத் தேர்ந்தெடுக்கிறேன்.

எங்கள் மாவட்டத்திலும் தருமபுரியிலும் நடுகல் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். புளியமரத்தடியில் சாய்ந்திருக்கும், வரப்போரம் பாதி புதைந்திருக்கும், ஏரிக்கரையில் வேடியப்பன் என்று பெயர் வாங்கி மஞ்சள் குங்குமத்தோடு நிற்கும். மல்லசந்திரத்தில் இருக்கும் பழங்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகள் மாதிரி ஊரே அறிந்த இடங்களைத் தேடிப் போவது சுலபம். இந்தக் கற்களுக்குப் பெரும்பாலும் பலகையும் கிடையாது, வழிகாட்டியும் கிடையாது. ஓடும்போது ஓரக்கண்ணில் ஒரு கல் தெரியும். அப்போது நின்று வரைய நேரம் இருக்காது, அலுவலகத்துக்குக் கிளம்ப வேண்டும். அடுத்த வாரம் அதே வழியில் வந்தால் அந்தக் கல் எந்தத் தோப்பில் என்று குழம்பிவிடும். எல்லாத் தோப்பும் பெங்களூரா மாமரம்தான், எல்லா வேலியும் ஒரே முள்வேலிதான்.

இங்கேதான் அந்தப் பொத்தான் வருகிறது. அதை இரண்டு வினாடி அழுத்திப் பிடித்தால் நிற்கிற இடம் பதிவாகிவிடும். இந்த வசதிக்காக நான் வாட்சை வாங்கவில்லை. விளம்பரத்திலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏழாவது மாதம் கை தவறுதலாகப் பட்டுத்தான் கண்டுபிடித்தேன். ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், திரையைப் பார்க்கக்கூட வேண்டாம். மணிக்கட்டில் இரண்டு அதிர்வு வந்தால் பதிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ஒரு ஞாயிறு அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தால் அம்புக்குறி திசை காட்டும், மீட்டர் குறைந்துகொண்டே வரும். திறந்த வெளியில் நான்கைந்து மீட்டருக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது. மரத்தடி என்றால் பத்து மீட்டர் தள்ளிப்போகும். ஒரு கல்லைக் கண்டுபிடிக்க அது போதும்.

தொல்காப்பியத்தில் நடுகல் எடுக்கும் முறையைச் சொல்லும்போது முதல் துறையாகக் காட்சி என்று வரும். நடுவதற்கேற்ற கல்லைத் தேடிக் காண்பது. அதற்கப்புறம்தான் கால்கோள், நீர்ப்படை எல்லாம். வரைகிறவர்களுக்கும் அப்படித்தான், முதலில் பார்க்க வேண்டும். இந்தப் பொத்தான் வந்த பிறகு நான் பார்த்த கற்கள் என்னை விட்டுப் போகவில்லை.

இன்னொரு பயனும் இருக்கிறது. நடுகல் புடைப்புச் சிற்பம். உச்சி வெயிலில் போனால் வெறும் பலகைக் கல்லாகத்தான் தெரியும். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான் வீரனின் வாள், பாயும் புலியின் வால், காலடியில் இருக்கும் கெண்டி, சிமிழ் எல்லாம் நிழலோடு எழுந்து வரும். பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்து இருந்தால் அதுவும் அப்போதுதான் கண்ணுக்குத் தட்டுப்படும். வாட்சில் திசைகாட்டி இருக்கிறது, சூரிய உதய நேரமும் இருக்கிறது. கல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று குறித்துக்கொண்டால் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தெற்கு பார்த்த ஒரு புலிக்குத்திக் கல்லை, அதாவது புலியோடு சண்டையிட்ட வீரனின் கல்லை, மூன்று முறை பார்த்தும் புலியைக் காணவில்லை. டிசம்பர் மாதம் காலை ஏழு மணிக்குப் போனபோது புலி தெரிந்தது, அதன் வாய்க்குள் போன குத்துவாளும் தெரிந்தது.

இத்தனை சொல்கிற அதே பொத்தான்தான் இரண்டு வருடமாக என்னை வாட்டியெடுத்தது.

கிருஷ்ணகிரி சாலைகளில் ஓடுகிறவர்களுக்குக் கிரானைட் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லாரி ஒன்று போனால் முகத்தில் மாவு பூசிய மாதிரி இருக்கும். அறுவடைக் காலத்தில் சாலையில் ராகியும் கொள்ளும் காயப்போட்டிருப்பார்கள், அந்த உமி வேறு. வியர்வையோடு சேர்ந்து இதெல்லாம் பொத்தானின் இடுக்கில் இறங்கிக் காய்ந்துவிடுகிறது. முதலில் கொஞ்சம் கடினமானது. அப்புறம் அழுத்தினால் உள்ளேயே தங்கிவிடும், நகத்தால் நெம்பி வெளியே எடுக்க வேண்டும். ஒரு நாள் ஓட்டம் முடித்து வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரே மாந்தோப்பில் 11 இடங்கள் பதிவாகியிருந்தன. பொத்தான் உள்ளே சிக்கி, தானாகவே அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறது. அதற்கு நேர்மாறாக, வேண்டிய நேரத்தில் அமுங்காமலும் போனது. அப்படித் தவறிப்போன ஒரு கல்லை இன்று வரை திரும்பக் கண்டுபிடிக்க முடியவில்லை. ராயக்கோட்டைச் சாலையிலிருந்து பிரியும் ஏதோ ஒரு தடம் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

வாட்ச் நிறுவனத்தின் சேவை மையத்துக்கு எழுதிக் கேட்டேன். எங்களுக்கு மிக அருகில் என்றால் பெங்களூருதான், 90 கிலோமீட்டர். தூரம்கூடப் பரவாயில்லை. அவர்கள் சொன்ன பதில்தான் கோபம் தந்தது. பொத்தான் தனியாக மாற்ற மாட்டார்களாம். பழைய வாட்சைக் கொடுத்துவிட்டு ஒன்பதாயிரம் சொச்சம் கட்டினால் புதுப்பித்த வேறொரு வாட்ச் தருவார்களாம். நான் குறித்து வைத்த இடங்கள்? அவை வாட்சுக்குள் மட்டும் இருப்பவை, புதியதற்கு வராது என்றார்கள். ஓடிய தூரம், வேகம், தூங்கிய நேரம் எல்லாம் கைபேசிக்குப் போய்ச் சேர்கிறது. எனக்கு வேண்டியது மட்டும் போவதில்லை. ஒரு மில்லிமீட்டர் உலோகத் துண்டு தூசியில் சிக்கியதற்கு முழு வாட்சையும் தூக்கிப் போடச் சொல்கிறவர்களை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று இரவு என் மகளை உட்காரவைத்து வாட்சைப் பார்த்துப் படிக்கச் சொன்னேன், நான் நீள நோட்டில் எழுதினேன். 12.5 வடக்கு, 78.2 கிழக்கு என்று தொடங்கி ஐந்து தசம இலக்கம் வரை. ஐந்தாவது இலக்கம் என்பது தரையில் சுமார் ஒரு மீட்டர், அதனால் ஒன்றையும் விடவில்லை. 64 இடங்கள். "அம்மா, 23 எது?" என்று அவள் கேட்க, எனக்கு ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. 23 ஒரு கிழவி பார்த்துக்கொள்ளும் வேடியப்பன் கல். "செருப்பக் கழட்டிட்டு வா கண்ணு" என்று சொல்லி, வெயிலில் நான் வரைந்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றிருந்தார்.

41 அப்படி இல்லை. சாலையோரம் நின்ற கல். வில்லை ஏந்திய வீரன், மேலே அவனைத் தூக்கிச் செல்லும் தேவமகளிர். பாதி வரைந்துவிட்டு மீதியை அடுத்த வாரத்துக்கு வைத்தேன். திரும்ப வந்தபோது வாட்ச் பூஜ்யம் மீட்டர் என்று காட்டுகிறது, எதிரே புதிதாகக் கொட்டிய ஜல்லி. சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். அந்த இடத்தைச் சுற்றி இருபது நிமிடம் நடந்தேன். டீக்கடையில் விசாரித்தபோது, கல்லை எடுத்து ஊர்க் கோயிலுக்குப் பின்னால் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன், பச்சை எனாமல் பெயின்ட் கனமாகப் பூசியிருந்தது. தேவமகளிரின் கை எது, வீரனின் தோள் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கல்லை உடைத்துப் போடாமல் காப்பாற்றியவர்கள் அவர்கள், குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அது முன்பு நின்ற இடம் இப்போது என் நோட்டில் ஒரு எண்ணாகவும், பாதிப் படமாகவும் இருக்கிறது. இந்த வாட்ச் இல்லையென்றால் எண்ணும் இருந்திருக்காது.

பழுதுபார்த்த பெரியவர் பின்பக்கத்து நான்கு திருகுகளையும் கழற்றி, பொத்தானின் தண்டை வெளியே எடுத்துக் காட்டினார். கடுகு அளவு ரப்பர் வளையம், அதைச் சுற்றி வெள்ளையும் சாம்பலுமாகக் கெட்டிப்பட்ட உப்பு. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தார், எண்ணெய் ஒரு பொட்டு வைத்தார், மூடினார். இருபது நிமிட வேலை. "ஆனா ஒண்ணும்மா, நான் தொறந்துட்டேன். இனிமே தண்ணிக்குள்ள முக்காதீங்க" என்றார். வேலை எந்த அளவுக்குத் தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறவரிடம் கொடுத்தோமே என்று நிம்மதியாக இருந்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி முதலில் ஒன்பது நாள் வந்தது, இப்போது ஐந்து. வயதுக்கு இது நியாயம். இதயத்துடிப்பை நம்பி ஓடாதீர்கள். பட்டை தளர்ந்திருந்தால் கால் விழும் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 170 அடி வைத்தால் துடிப்பும் 170 என்கிறது, மூச்சு சாதாரணமாக இருக்கும்போதே. உயரக் கணக்கு காற்றழுத்தத்தை வைத்து வருவது, மழை நாளில் தரையில் நின்றாலே மலை ஏறியதாகச் சொல்லும். என் வாட்சில் தமிழ் எழுத்து வராது. அம்மா அனுப்பும் செய்தியெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. இந்தக் காலத்தில் இது பெரிய குறை என்றுதான் நினைக்கிறேன்.

சரி, தம்பிக்குப் பதில். வாங்காதீங்க தம்பி. ஆறாயிரம் இல்லை, பத்தாயிரம் குறைந்தாலும் வேண்டாம். என் கைக்கு இதைவிட நன்றாக உழைத்த பொருள் வேறு இல்லை, அதை மேலே மறைக்காமல் எழுதியிருக்கிறேன். ஆனாலும் பொத்தானை மாற்றித் தராத நிறுவனத்துக்கு இன்னொருவர் பணம் போவதற்கு நான் காரணமாக இருக்க மாட்டேன். வேறு எதை வாங்கினாலும் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பொத்தான் தனியாகக் கிடைக்குமா, குறித்த இடங்களை வெளியே எடுக்க முடியுமா.

ஏற்கெனவே இது கையில் இருப்பவர்கள், ஓடி முடித்ததும் பொத்தான் பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், கழுவும்போது பொத்தானை அழுத்தாதீர்கள். நான் முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டியது. என்னுடையதைத் திறந்துவிட்டதால் இனி ஈரத் துணிதான். இடங்களை மாதம் ஒரு முறை நோட்டில் எழுதிவிடுங்கள். நான் 65ஐ நேற்று எழுதினேன்: கால்வாய்க் கரை, ராகி வரப்பு, தெற்கு பார்த்த கல், இடுப்பு வரை மண்ணில், வில்லும் ஒரு தோளும் மட்டும் தெரிகிறது, காலை ஆறரைக்கு வர வேண்டும்.